சுற்றும் சுருதியும்

என்னிடம் இருப்பது காரார்ட் 301. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்துத் தயாரிப்பு. 1954இல் விற்பனைக்கு வந்த மாடல். 1965 வாக்கில் 401 வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காரார்ட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு நகைக்கடை இருக்கிறது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கிரீடங்களைப் பராமரித்துவந்த லண்டன் நகைக்கடைக்காரர்கள், முதல் உலகப் போரின்போது பீரங்கிப் படைக்குத் தூரம் அளக்கும் கருவிகள் செய்துகொடுக்க 1915இல் ஒரு பட்டறை தொடங்கினார்கள். போர் முடிந்தது. நுணுக்கமான வேலை பழகிய கைகள் சும்மா இருக்க முடியாதே. கிராமபோனுக்கான சாவி மோட்டார் செய்யத் தொடங்கினார்கள். நகை, பீரங்கி, பாட்டு என்ற அந்த வரிசையின் முடிவில் வந்து நிற்கிறது மதுரையில் என் வீட்டு முன்னறையில் இருக்கும் இந்த இயந்திரம்.

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, 2009இல், மரச்சாமான்களோடு சேர்த்து இதையும் தள்ளிவிட்டார்கள். நான் வாங்கிய விலையை இன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இன்றைய விலையை அன்று சொல்லியிருந்தால் விற்றவரும் நம்பியிருக்க மாட்டார்.

உண்மையில் காரார்ட் விற்றது மோட்டாரையும் சுழலும் தட்டையும் மட்டும்தான். பெட்டி கிடையாது, கை கிடையாது, ஊசி கிடையாது. வாங்குகிறவர் ஆசாரியைப் பிடித்துப் பெட்டி செய்துகொள்ள வேண்டும். டோன்ஆர்மைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ஆகவே ஒரு 301 போல இன்னொரு 301 இருக்காது. எனக்குக் கிடைத்ததில் எஸ்எம்இ 3009 கை இருந்தது. பெட்டி செல்லரித்துப் போயிருந்தது. பழைய வீட்டு நிலையிலிருந்து அறுத்த தேக்கில் புதுப் பெட்டி செய்தோம். கனமான பெட்டியா, இலேசான பெட்டியா என்று 301 வைத்திருப்பவர்கள் பல வருடங்களாகச் சண்டை போடுகிறார்கள். எங்கள் ஆசாரி அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “கனமாச் செஞ்சா ஆடாது சார்.”

இதன் உள்ளமைப்பைச் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் விஷயத்துக்கு அது தேவை. மோட்டார் ஆறு சுருள்வில்களில் தொங்குகிறது, அதன் அதிர்வு உடலுக்குள் ஏறாமல் இருக்க. மோட்டாரின் அச்சில் படிப்படியாக வெட்டிய ஒரு சின்ன புல்லி. 33, 45, 78 என்று வேகத்துக்கு ஒரு படி. அந்தப் புல்லிக்கும் ஏறக்குறைய மூன்று கிலோ எடையுள்ள தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ரப்பர் விளிம்பு போட்ட ஒரு சக்கரம், ஐட்லர். புல்லி ஐட்லரைச் சுற்றும், ஐட்லர் தட்டைச் சுற்றும். பெல்ட் இல்லை. அதனால் ஸ்விட்சைப் போட்டதும் தட்டு தயங்காமல் வேகம் பிடிக்கும்; கனமான ஊசி தட்டை இழுத்துப் பிடித்தாலும் அசராது. அதற்கு விலை, ரப்பரில் ஒரு நூலளவு மேடு பள்ளம் இருந்தாலும் அது உறுமலாக ஸ்பீக்கரில் கேட்கும்.

முதல் இரண்டு வருடம் அந்த உறுமலோடுதான் போனது. என்னுடையது கிரீஸ் பேரிங் வகை. அடியிலுள்ள பித்தளைத் திருகைத் திருகினால் கிரீஸ் மேலேறி அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே இருந்த பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய், துணி, பொறுமை. ஐட்லரை லேத் பட்டறையில் கொடுத்து ரப்பரை மயிரிழை மயிரிழையாகக் கடைந்து வட்டமாக்கினோம். பட்டறைக்காரர் வாட்டர் பம்ப் புல்லி கடைகிறவர். “இது எதுக்கு சார் இவ்வளவு?” என்று கேட்டார். பாட்டுக் கேட்க என்றேன். “அதுக்குத்தான் போன் இருக்கே” என்றவர், அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அதையே கடைந்துகொண்டிருந்தார். கூலி வாங்கவில்லை.

பிறகு ஊசி. எல்.பி. தட்டின் பள்ளம் மெல்லியது; அதற்கு 18 மைக்ரான் அளவுள்ள முனை போதும். பழைய அரக்குத் தட்டின் பள்ளம் அகலம். ஏறக்குறைய 75 மைக்ரான் முனை வேண்டும். மெல்லிய ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து குப்பையைத்தான் வாசிக்கும். எஸ்எம்இ கையில் தலைப்பகுதியைக் கழற்றி மாற்றலாம் என்பதால் இரண்டு தலை வைத்துக்கொண்டேன். ஊசியின் எடையைச் சின்னத் தராசில் பார்த்து நாலு கிராமில் நிறுத்தினேன். சாவி கொடுக்கும் கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். அத்தனை அழுத்தத்தை நாற்பது வருடம் தாங்கிய தட்டுகள்தான் இப்போது என் ஊசிக்கு வருகின்றன.

அந்தத் தட்டுகள் என் பெரியப்பாவுடையவை.

*

பெரியப்பா ஸ்பெஷல் நாடகங்களில் ஆர்மோனியம் வாசித்தவர். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி என்று கோயில் திருவிழா தோறும் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம், அரிச்சந்திரா. ராஜபார்ட் எந்தச் சுருதியில் எடுப்பார், ஸ்திரீபார்ட் வந்ததும் எங்கே மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் விரலில் இருக்கும். அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டியில் அறுபது அரக்குத் தட்டுகள் இருந்தன. பெரும்பாலும் 1930களின் நாடகப் பாட்டு. சில தட்டுகள் அதற்கும் முந்தியவை. அவருடைய கிராமபோனின் ஸ்பிரிங் அறுந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

2011இல் தட்டுகளைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினேன். என் மனசில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: உறுமல் இல்லாமல் கேட்கிறதா? பெரியப்பா இரண்டு பாட்டுக் கேட்டார். அப்புறம் சொன்னார்:

“பாட்டு எறங்கிக் கெடக்கு தம்பி.”

வேகம் சரியாகத்தான் இருக்கிறது என்று காட்ட, ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின்மேல் வைத்தேன். கறுப்புக் கோடுகள் போட்ட வட்ட அட்டை அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த மின்சாரத்தில் எரியும் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும். 33⅓ வேகத்துக்கு வட்டத்தில் 180 கோடு போட்டால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். 78க்கு 77 கோடு. கணக்குப் போட்டால் அது 77.92 சுற்றுதான் வரும். முழுக் கோடுகளை வைத்து 50 ஹெர்ட்ஸில் துல்லியமான 78ஐக் காட்டவே முடியாது. ஆனால் அது அற்ப வித்தியாசம், காதுக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் குண்டு பல்பின் கீழே 77 கோடுகளும் சிலைபோல நின்றன.

“கோடு நிக்கிது பெரியப்பா. வேகம் சரிதான்.”

“கோடு நிக்கிது. பாட்டு நிக்கலையே.”

மறுநாள் காலையில் அதே தட்டைப் போட்டபோது, “இப்ப சரியா இருக்கு, என்ன செஞ்ச?” என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர்தான் புதிரை அவிழ்த்தார். அது மின்தட்டுப்பாட்டுக் காலம். 2013ஆம் வருடத்தின் கடைசி நாளில்தான் தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒன்றாக இணைந்தது. அதற்கு முன் சாயங்காலத்தில் எல்லோரும் விளக்குப் போட்டால் அலைவெண் 50இலிருந்து 49 சொச்சத்துக்கு இறங்கும். 301இன் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணை ஒட்டித்தான் ஓடுகிறது. அலைவெண் இறங்கினால் மோட்டாரும் தளரும். ஆனால் ஸ்ட்ரோப் அட்டையின்மேல் விழும் விளக்கும் அதே மின்சாரத்தில்தானே எரிகிறது? அதன் மினுக்கலும் அதே அளவு தளரும். இரண்டும் சேர்ந்து பின்தங்கும்போது கோடுகள் அசையாமல் நிற்கும். அளக்கப்படுவதும் அளவுகோலும் கைகோத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்கின்றன.

49.2 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் வேகம் 1.6 சதவீதம் குறையும். ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 6 சதவீதம். அதில் கால்பங்குக்குச் சற்று அதிகமாகச் சுருதி இறங்கியிருக்கிறது. பெரியப்பா அதை எந்த அட்டையும் இல்லாமல் சொன்னார். வீட்டில் காலையில் சாதகம் செய்துவிட்டு வந்த சுருதி காதில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான் அவருடைய கருவி.

*

அதற்குப் பிறகு வேகம் என் தலைவலியாகிவிட்டது. உறுமலைக் கடைந்து எடுக்கலாம். வேகத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எது சரி?

எல்.பி.யில் இந்தக் கேள்வி எழாது. 33⅓ என்றால் எல்லா ஊரிலும் 33⅓. அரக்குத் தட்டில் ‘78’ என்பது பின்னாளில் நிலைபெற்ற எண். மின்முறை ஒலிப்பதிவு 1925இல் வந்தது. அதற்கு முந்தைய காலத்தில் எடை கட்டித் தொங்கவிட்டு ஓடும் இயந்திரத்தில் மெழுகில் வெட்டினார்கள். வேகத்தை ஒரு கவர்னர் திருகு கட்டுப்படுத்தியது. 70களின் தொடக்கத்திலும் வெட்டியிருக்கிறார்கள், 80க்கு மேலும் வெட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கொலம்பியா கம்பெனி வெகுகாலம் 80 என்றே வைத்திருந்தது. 80இல் வெட்டியதை 78இல் போட்டால் சுருதி அரைக் கட்டையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். குரல் கனத்துவிடும். தாளம் சோம்பிவிடும். முதல் தடவை கேட்கிறவர், அந்தப் பாடகரின் குரலே அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்.

எஸ்.ஜி.கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் பிறந்து 1933இல், 27 வயதில் இறந்தவர். உச்சத்தில் நின்று பாடுவதுதான் அவர் புகழ். ‘இவ்வளவு மேலே ஆண் குரல் போகாது, தட்டு வேகமாக ஓடுகிறது’ என்று மற்றவர்கள் விஷயத்தில் சொல்லலாம். அவர் விஷயத்தில் சொல்ல முடியாது, ஏனென்றால் மேலே போவதுதான் அவர் குரல். எது குரல், எது வேகம்? நேரில் கேட்டவர்கள் இன்று அநேகமாக யாரும் இல்லை. மிச்சம் இருப்பது அரக்கும் ஒரு கவர்னர் திருகைப் பற்றிய ஊகமும்.

301இல் வேகத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. மோட்டார் அச்சோடு சுழலும் ஓர் அலுமினியத் தகட்டுக்கு அருகில் ஒரு காந்தத்தை நகர்த்துவதுதான் அதன் வேலை. காந்தம் நெருங்க நெருங்கத் தகட்டில் சுழல் மின்னோட்டம் எழுந்து, தொடாமலே பிரேக் பிடிக்கும். பழைய கரண்ட் மீட்டருக்குள் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும், பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் இதே காந்தத் தடைதான். அழகான ஏற்பாடு. ஆனால் சில சதவீதத்துக்கு மேல் அது போகாது. நமக்கு வேண்டியது 73 முதல் 82 வரை.

மின்வாரிய நண்பரே உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தார். கிரிஸ்டல் வைத்த அலையாக்கி, ஓர் ஆம்ப்ளிஃபயர், தலைகீழாகப் போட்ட டிரான்ஸ்பார்மர். வீட்டு மின்சாரம் எப்படி இருந்தாலும் மோட்டாருக்கு நாம் கேட்கிற அலைவெண் போகும். 47இலிருந்து 53 ஹெர்ட்ஸ் வரை ஒரு திருகில் ஏற்றி இறக்கலாம். உண்மையான வேகத்தைத் தனியாக ஒரு டேக்கோமீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். 2012 மே மாதம் பெட்டி தயாரானது. பாதி நேரம் கரண்டே இல்லாத கோடை அது. இன்வெர்ட்டரில் ஓட்டினோம்.

பெரியப்பா வாரம் ஒரு தடவை வந்தார். தட்டைப் போடுவேன். திருகு அவர் கையில்.

அவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. நாடகப் பாட்டுகளில் ஆர்மோனியம் இருக்கிறது. அதன் ரீடு நிலையானது, பித்தளை நாக்கு. தன்னுடைய பெட்டியோடு தட்டிலுள்ள ஆர்மோனியத்தை ஒட்டவைத்தால் முடிந்தது என்று நினைத்தேன். சிரித்தார். “அந்தப் பொட்டி எந்த ஊர்ப் பொட்டின்னு யாருக்குத் தெரியும்? பொட்டிக்குப் பொட்டி கொஞ்சம் மாறும்ப்பா. அதெ வச்சுத் தொடங்கலாம், முடிக்க முடியாது.”

அவர் முடித்தது வேறு விஷயங்களை வைத்து. ஆர்மோனியத்தில் ஒரு சங்கதி ஓடும்போது, “இந்த வேகத்துல வெரலு ஓடாது. கொறை” என்பார். குறைத்துக்கொண்டே வருவார், விரல் ஓடுகிற வேகம் வரும்வரை. வரிக்கும் வரிக்கும் நடுவில் பாடகர் மூச்சு எடுப்பதைக் கேட்பார்: “இம்புட்டு நீளப் பாட்டுப் பாடிட்டு இத்தினூண்டு மூச்சா எடுப்பான்?” ஒரு தடவை சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. “வாயைக் கேளு தம்பி. சுருதி ஏறுனா பாட்டு மட்டும் ஏறாது, வாயும் சின்னதாயிரும். பெரிய ஆளு பாடுறான், சின்னப் பய வாய் கேக்குதுன்னா தட்டு ஓடுதுன்னு அர்த்தம்.”

ஒலியியல் படித்தவர்கள் இதை ஃபார்மண்ட் என்பார்கள். தொண்டையும் வாயும் சேர்ந்து ஒரு குழாய்; அந்தக் குழாயின் நீளமும் வடிவமும்தான் ‘ஆ’வை ‘ஆ’வாகவும் ‘ஈ’யை ‘ஈ’யாகவும் ஆக்கும் அதிர்வுகளைத் தீர்மானிக்கின்றன. சுருதியைப் பாடகர் ஏற்றி இறக்கலாம், குழாயின் நீளத்தை அந்த அளவுக்கு மாற்ற முடியாது. தட்டின் வேகம் மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும். பெரியப்பா படித்தது எட்டாவது வரை. முப்பது வருடம் ராஜபார்ட்டுகளின் வாய்க்கு ஆறடி தூரத்தில் உட்கார்ந்து வாசித்தவர்.

அதிலும் சிக்கல் உண்டு. பாய்ஸ் கம்பெனிகளில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் பாடியிருக்கிறார்கள். சின்ன வாய் என்பது நிஜமாகவே சின்ன வாயாக இருக்கலாம். அம்மாதிரித் தட்டில் நெடுநேரம் திருகிக்கொண்டிருப்பார். முடிவு தெரியாவிட்டால் எண் எழுத மாட்டார். தெரிந்தால், டேக்கோமீட்டரைப் பார்த்து, தட்டின் காகித உறையில் தன் கையால் பென்சிலில் எழுதுவார். 76½. 79. 74. அருகில் சில சமயம் ஒரு வார்த்தை: ‘மூச்சு’, ‘விரல்’.

நான்கு வருடத்தில் அறுபது தட்டில் 41க்கு எண் விழுந்தது. 78 என்று எழுதியவை அதில் ஒன்பதுதான்.

*

ஐந்தாவது வருடத்தில் அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. முதுமையில் மேல் அதிர்வுகள்தான் முதலில் போகும். ‘ஸ’வும் ‘ஃப’வும் போய், பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். நல்ல காது மெஷின் ஒன்று வாங்கிப் பொருத்தினோம். பேச்சுக்கு உதவியது. பாட்டை அது கெடுத்தது. மெஷின் தன் ஒலியைத் தானே வாங்கிக் கீச்சிடாமல் இருக்க, நீண்டு நிற்கும் எந்த ஒலியையும் கீச்சு என்று சந்தேகித்து அழிக்கப் பார்க்கும். ஆர்மோனியம் என்பதே நீண்டு நிற்கும் ஒலி. “என் பொட்டி எனக்கே அழுகுற மாதிரிக் கேக்குது” என்று மெஷினைக் கழற்றி வைத்துவிட்டார். அதில் இசைக்கென்று தனி அமைப்பு உண்டு, போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் தேவலை என்றார், மரியாதைக்காக.

அந்தச் சமயத்தில் 301 ஏறக்குறைய முழுமையாகியிருந்தது. உறுமல் இல்லை. வேகம் அசையவில்லை. ஊசியின் கோணம், எடை, கையின் உயரம் எல்லாம் ஒரு மாதிரி இடம் கண்டுவிட்டன. இதுபோன்ற இயந்திரம் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள், இதற்கு முடிவே கிடையாது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருக்கலாமென்று. இயந்திரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. நல்ல கிரீஸ் கிடைக்கும், இன்னும் வட்டமான ஐட்லர் கிடைக்கும். இன்று ஜப்பானிலும் இங்கிலாந்திலும் 301க்குப் புது உதிரிபாகம் செய்து விற்கிறார்கள். எழுபது வயது இயந்திரத்தைப் புதிதாக்க எல்லாம் கடையில் இருக்கிறது. இது எவ்வளவு துல்லியமாகச் சுற்றினாலும், எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று சொல்லும் பாகம் மட்டும் கடையில் கிடைப்பதில்லை. அது பெரியப்பாவிடம் கொஞ்சம் இருந்தது. அவருக்கு ஆர்மோனியம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் இன்னும் அதிகம் இருந்திருக்கும். என்னிடம் இருப்பது 41 பென்சில் எண்கள்.

எண் இல்லாத 19 தட்டுகளுக்கு நானே முயன்று பார்க்கிறேன். மூச்சைக் கேட்கிறேன். வாயைக் கேட்கிறேன். சில தட்டில் ஏதோ பிடிபடுவதுபோல இருக்கிறது. ஆனால் உறையில் எழுத மாட்டேன். தனி நோட்டில் எழுதி வைக்கிறேன். என் எண்ணும் அவர் எண்ணும் ஒரே உறையில் கலந்துவிட்டால் பிறகு யார் பிரித்துச் சொல்வது?

41இல் ஒரே ஒரு தட்டில் மட்டும் இரண்டு எண் இருக்கிறது. 2012இல் எழுதியது 78½. 2018இல், மெஷின் வைத்த பிறகு, அதையே தான் முன்பு கேட்டது நினைவில்லாமல் மறுபடி திருகி, கீழே 76 என்று எழுதியிருக்கிறார். அரைக் கட்டையில் பாதிக்கு மேல் வித்தியாசம். சுருதி நினைவு உள்ளவர்களுக்கு வயதான பின் சுரங்கள் உள்ளதைவிட ஏறிக் கேட்பதுண்டு என்பார்கள். ஏறிக் கேட்டால் தட்டை இறக்கத்தான் செய்வார், ஆகவே முதல் எண்தான் சரி என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் ஆறு வருடத்தில் அதே பாடகரின் வேறு மூன்று தட்டுகளை அவர் கேட்டிருந்தார், அந்தக் குரல் அவருக்கு இன்னும் பழகியிருந்தது, ஆகவே இரண்டாவது எண்தான் சரி என்றும் ஒரு கணக்கு இருக்கிறது.

போன மாதம் உறையைக் கொண்டுபோய் அவரிடமே காட்டினேன். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு எண்ணையும் பார்த்தார். காதருகே குனிந்து, “இதுல எது பெரியப்பா சரி?” என்று கத்திக் கேட்டேன்.

“ரெண்டும் என் கையெழுத்துத்தானே?”

“ஆமா.”

“அப்ப எழுதும்போது ரெண்டும் சரியாத்தேன் இருந்திருக்கும். நீ போட்டுக் கேளு” என்று உறையைத் திருப்பிக் கொடுத்தார்.